அச்சச் சுவையும் முகப்போவியமும்

பெருநிறுவனங்களின் துணையின்றி, ஒருவரோ ஒரு சிலரோ கூடி ஆக்கும் அச்ச விளையாட்டுகள் கணிப்பொறி உலகில் இன்று மிகுந்துள்ளன. அவை பெரிதும் விற்கப்படும் இடம் கடைத்தெருவன்று. 'ஸ்டீம்' முதலிய இணைய அங்காடிகளேயாம். ஆங்கு வாங்குவோன் கண்ணில் முதற்கண் படுவது விளையாட்டின் பெயர் தாங்கிய ஒரு சிறு படம். அப்படத்தை ஈண்டு முகப்போவியம் என வழங்குவோம். திருவண்ணாமலையைக் களமாகக் கொண்டு இத்தகைய விளையாட்டொன்றை ஆக்க முற்படுவார்க்கு முகப்போவியம் எவ்வாறு அமைதல் தகும் என்பதனை மெய்ப்பாட்டியல் நெறிநின்று ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழாய்வுக்கும் இதற்கும் இயைபு யாது என ஐயுறுவார் உளராகலாம். எண்வகை மெய்ப்பாட்டுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்து, அது பிறக்கும் நிலைக்களன் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கென வரையறுத்தவர் தொல்காப்பியர். இன்றைய அச்ச விளையாட்டுகளுள் பெரும்பாலானவற்றை இந்நான்கனுள் அடக்கிக் காட்டல் அரிதன்று. பேயும் தெய்வமும் துரத்தும் விளையாட்டு அணங்கின்பாற்படும். கொலைஞன் பதுங்கியிருக்கும் வீடு கள்வரின்பாற்படும். இத்துணைப் பழமையான கருவி நம் கையில் இருப்ப, அதனை இப்புதுத் துறையில் இட்டுப் பாராமை நம் குறையே.

முகப்போவியங்களுட் பலவற்றை நோக்குவார்க்கு முதலில் தோன்றும் குறை ஒன்றுண்டு. அழுகிய தோல், குழிந்த கண், உதிர்ந்த பல், வழியும் குருதி ஆகியவற்றை முன்னிறுத்தினால் அச்சம் தானே விளையும் என ஓவியர் கருதிவிடுகின்றனர். ஆயின் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்பன இளிவரலுக்கு நிலைக்களனாக ஓதப்பட்டவை. அழுகிய முகம் பிணியையும் மூப்பையும் காட்டுவது. அதனைக் கண்டார்க்குப் பிறப்பது அருவருப்பு. அருவருத்தவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான்; அஞ்சியவனோ அஞ்சப்பட்ட பொருளினின்று கண்ணை எடுக்கமாட்டாமல் நிற்பான். வாங்குவோனைத் தன்பால் நிறுத்தவேண்டிய முகப்போவியத்துக்கு இவ்விரண்டனுள் எது துணையாகும் என்பது வெளிப்படை. இரண்டையும் ஒன்றெனக் கொள்வதே இத்துறையில் மிகப் பரவிய பிழை என்பது எம் கருத்து.

இனி, அச்சத்தைக் காட்டுதற்கு உரிய வாயில் யாது? இளம்பூரணர் இவ்விடத்துப் பெரிதும் துணைசெய்கின்றார். பேயையோ புலியையோ கண்டு ஒருவன் அஞ்சியவழி, அப்பேயும் புலியும் சுவைப்படு பொருள் என்றும், அவன் உள்ளத்து நீங்காது நின்ற அச்சம் சுவை என்றும், மயக்கமும் ஒளிதலும் குறிப்பு என்றும், நடுக்கமும் வியர்ப்பும் விறல் என்றும் அவர் பகுத்துக் காட்டுவர். இப்பகுப்பை ஓவியத்தின்மேல் ஏற்றிப் பார்ப்பின், ஓவியன் முன் இரண்டு வழிகள் உள்ளமை புலனாகும். புலியை வரையலாம், அன்றிப் புலியைக் கண்டவனை வரையலாம். முன்னையதில் காண்போன் புலியின் அளவையும் வரியையும் எண்ணிப் பார்த்து அமைதியுறுவான். பின்னையதில் அவன் காண்பது குறிப்பும் விறலும் மட்டுமே. அவற்றுக்கு ஏதுவாகிய பொருளைத் தன் உள்ளத்தினின்றே அவன் ஆக்கிக்கொள்ள வேண்டும். தான் ஆக்கிய பேயினும் கொடிய பேயை எவ்வோவியனும் அவனுக்குத் தர இயலாது.

டென்மார்க்கு நாட்டுப் 'பிளேடெட்' நிறுவனத்தார் 2010-இல் வெளியிட்ட 'லிம்போ' இதற்குத் தக்க சான்று. நிழலுருவாக நிற்கும் ஒரு சிறுவன், வெண்புள்ளிகளாய் ஒளிரும் அவன் கண்கள், சுற்றிலும் சாம்பல் நிறக் காடு: இவ்வளவே அவ்விளையாட்டின் அடையாளமாக மக்கள் நினைவில் நிற்பது. விளையாட்டினுள் வரும் பெருஞ்சிலந்தி பலரை நடுங்கச்செய்தது. எனினும் நினைவில் முதலில் எழுவது சிறுவனே.

இதற்கு மாறாக ஒரு தடை எழுப்பலாம். ஸ்காட் காதன் என்பார் ஒருவராகவே ஆக்கி 2014-இல் வெளியிட்ட 'ஃபைவ் நைட்ஸ் அட் ஃபிரெடிஸ்' என்னும் விளையாட்டு, அச்சம் தரும் பொருளாகிய இயந்திரக் கரடியின் முகத்தையே வெளிப்படக் காட்டிப் பெருவெற்றி பெற்றதன்றோ? உண்மை. ஆயின் அக்கரடி சிறுவரை மகிழ்விக்கும் பொம்மை. இளமை நகைக்கு உரிய நிலைக்களன்களுள் ஒன்று. நகைக்கு உரியதாக நாம் நம்பிய பொருள் இருளினின்று நம்மை நோக்கும்போது, முகம் தெரிந்தும் அதன் கருத்துத் தெரியாமற் போகின்றது. மறைக்கப்பட்டது உருவன்று, உள்ளம். எனவே இத்தடை நம் கொள்கையை அழிப்பதன்று. அதனைச் சிறிது விரிக்கின்றது.

மறைத்தலின் பயனைத் தமிழிலக்கியத்துள் காண விழைவார் கலிங்கத்துப் பரணியின் உறுப்பு வரிசையை நோக்குக. சயங்கொண்டார் பேய்களை எடுத்த எடுப்பில் நம்முன் கொணர்ந்திலர். காடு பாடியது முன்னும், கோயில் பாடியது அதன் பின்னும், தேவியைப் பாடியது அதனையடுத்தும் வர, அதற்கும் பின்னரே பேய்களைப் பாடுகின்றார். வெந்து வறண்ட அப்பாலைக் காட்டின்கண் நிற்கும்போது கற்பார் நெஞ்சம் துணுக்குறுகின்றது. பேய்கள் வந்து தத்தம் உறுப்பு நலனைக் காட்டி, பசியென்று முறையிட்டு, இறுதியிற் களத்திலே கூழட்டு உண்ணும்போதோ நமக்கு நகையே பிறக்கின்றது. பேயை முழுதும் விரித்துரைக்கப் புகுந்த புலவர்க்கு அச்சத்தை நிலைநிறுத்தல் எளிதன்று என்பதனை அவர் அறிந்தே, அதனை நகையாக மாற்றிக்கொண்டார் போலும். முகப்போவியம் வரைவான் காடு பாடியதனோடு நின்றுவிடல் வேண்டும். கோயிலுக்குட் புகுதலும் பேயைக் கூவியழைத்தலும் விளையாட்டின் வேலை.

இவ்வளவும் பொதுவிற் கூறப்பட்டன. திருவண்ணாமலையைக் களமாகக் கொள்வார்க்கு, மறைத்தலின் இலக்கணம் அத்தலத்தின் வரலாற்றிலேயே அமைந்து கிடக்கின்றது. அடிமுடி தேடிய கதை அம்மலைக்கு உரியது. சம்பந்தர் பதிகங்களிற் பெரும்பான்மையவற்றுள் ஒன்பதாம் பாடல் இச்செய்திக்கே ஒதுக்கப்பட்டிருத்தல் அறிஞர் அறிந்ததே. சோழநாட்டுச் சிவன் கோயில்களிற் கருவறையின் மேற்குப்புறக் கோட்டத்தில் அமையும் இலிங்கோத்பவர் திருவுருவை நினைவிற் கொள்க. தூணின் பிளவினுள் இறைவன் தோன்றுகின்றான். ஆயினும் திருவடி தூணினுள் மறைந்துள்ளது, முடியும் மறைந்துள்ளது. மேலே அன்னம், கீழே பன்றி. எல்லையின்மையைக் கல்லில் வடிக்க வேண்டிய சிற்பி, சிறியதொரு கோட்டத்துள் அதனைச் செய்ய நேர்ந்தபோது, உருவைப் பெருக்கவில்லை. இரு முனைகளையும் வெட்டினான். அவ்வுருவம் அச்சத்திற்காக வடிக்கப்பட்டதன்று என்பதனை மறத்தலாகாது. யாம் ஈண்டுக் கொள்வது அதன் நெறியை மட்டுமே.

விளையாட்டு ஓவியன் நிலையும் இடவகையில் அச்சிற்பியின் நிலையே. ஸ்டீம் அங்காடியின் சிறு முகப்போவியம் 231-க்கு 87 என்னும் விகிதத்தது, அகன்று குறுகியது. தலைப்பிற்குரிய படம் 460-க்கு 215. நூலகப் பகுதிக்குரியதோ 600-க்கு 900 என நெடிது நிற்கும். திருவண்ணாமலை என்றவுடன் பதினொரு நிலையும் 217 அடி உயரமும் உடைய கீழைக் கோபுரத்தை வரையவே எவர்க்கும் கை எழும். சிறிய படத்தில் அது பல் பல்லாய்த் தெரியும் ஒரு முக்கோணமாகச் சுருங்கி, எக்கோயிலூர்க்கும் பொதுவாகிவிடும். மலையை முழுதும் வரைந்து உச்சியிற் கார்த்திகைத் தீபத்தை வைப்பின் அழகு மிகும். எனினும் பெருமை மருட்கைக்கு நிலைக்களனாதலின், அங்கே பிறப்பது வியப்பேயன்றி அச்சமன்று. சுற்றுலா விளம்பரத்திற்கு அது சாலப் பொருந்தும்.

பின் எதனை வரைவது? பதினான்கு கிலோமீட்டர் நீண்ட கிரிவலப் பாதை முழுநிலா நாளில் மக்கள் வெள்ளமாய் இருப்பதனை அறியாதார் இலர். ஆதலின், அதே பாதையை ஆளின்றிக் காட்டுதல் ஒன்றே அறிந்தார் உள்ளத்தைத் திடுக்கிடச் செய்யும். பாதையின்மேல் ஒருவன் வெறுங்காலுடன், முதுகு நம்பக்கமாக, நடை தடைப்பட்டு நிற்கின்றான். ஒரு கால் நிலத்தில் முழுதும் பதிந்திலது. அவனுக்கு இடப்புறம் மலைச்சரிவு எழுகின்றது. ஆயின் அதன் முடி படத்தின் மேல்விளிம்பால் வெட்டுண்டுள்ளது. அகன்ற படத்தில் இவ்வெட்டு இயல்பாகவே அமையும். நெடிய படத்திலோ, இடம் இருக்கின்றதே என்று முடியையும் வரைந்துவிடும் ஆசையை ஓவியன் அடக்குதல் வேண்டும். மலை இன்னதென அயலார் அறியாராயின் அறியாதொழிக. அவர்க்கு அது முடிவு தெரியாத கருமையாக நின்றால் போதும். வலம் வருவார் மலையைத் தம் வலப்புறத்தே கொண்டு நடப்பர். இவனுக்கோ மலை இடப்புறம் உள்ளது. இவன் மாறி நடக்கின்றான் என்பதனை உணர்வார் சிலரே எனினும், உணர்ந்தார்க்கு அதுவே போதிய பேய்.

காளியைக் குருதி வாயளாக்கி வரைதலும், இறைவன் திருவுருவைப் பேயுருவாக்குதலும் ஒழிக்கத்தக்கன. சமயத்தார் சினப்பர் என்பதனால் மட்டும் இதனைக் கூறவில்லை. அணங்கும் இறையும் அச்சத்தின் நிலைக்களன் எனத் தொல்காப்பியர் கூறியது, அவை கொடியன என்னும் கருத்தினாலன்று. அஞ்சுவான் அவற்றின்முன் பிழைத்தவன், அல்லது எளியவன். தெய்வத்தைப் பேயாக்கிய ஓவியம் இப்பிழையுணர்ச்சியை அழித்து, எதிர்த்து வெல்லத்தக்க விலங்கொன்றை அதனிடத்து வைத்துவிடுகின்றது. மாறி நடந்தவனின் அச்சம் அதில் இல்லை.

எழுத்தைப் பற்றி ஒரு சொல். 2022 செப்டம்பர் முதல் ஸ்டீம் அங்காடியில் முகப்போவியத்தின்மேல் பாராட்டுரையும் பரிசுப் பெயரும் தள்ளுபடிச் செய்தியும் பொறித்தல் விலக்கப்பட்டது. ஓவியமும் பெயரும் துணைப்பெயருமே அமையலாம். எனவே பெயரெழுத்தின் பொறுப்பு மிகுந்தது. குருதி சொட்டும் எழுத்து ஆங்கிலத்திற்கே அலுத்துப்போயிற்று; தமிழுக்கோ அது தீங்கும் செய்யும். மெய்யெழுத்தின் இயல்பு புள்ளியொடு நிற்றல். சிறு முகப்போவியத்தின் குறுகிய உயரத்துள் சொட்டுகளுக்கிடையே அப்புள்ளி காணாமற் போகுமாயின் 'பேய்' என்பது 'பேய' எனப் படிக்கப்படும். இரண்டு அல்லது மூன்று எழுத்தாலான பெயரைத் தடித்த நேர்கோட்டு வடிவில், புள்ளியைச் சற்றே பெரிதாக்கி, பாதையின் இருண்ட பகுதியில் இடுதல் நன்று. நிற்பவன் காலடியை அது மறைத்தலாகாது.