காலுக்கு அடியில் ஒரு கைவேலை

போஸ்னியாவின் மோஸ்தார் நகரத்துப் பழைய பாலத்தை எல்லோரும் கரையில் நின்றுதான் ரசிக்கிறார்கள். ஒற்றை வளைவு, கீழே நெரெத்வா ஆற்றின் பச்சை, கைப்பிடிச் சுவரில் ஏறி நின்றுகொண்டு குதிப்பதற்கு முன் காசு வசூலிக்கும் இளைஞர்கள். அழகுதான். எனக்கு என்னவோ பாலத்தின் தரைதான் பிடித்திருந்தது. கூன்முதுகு போல ஏறி இறங்கும் பாதையில், குறுக்கே வரிவரியாகக் கல் மேடுகள். படி என்று சொல்லும் உயரமில்லை. ஆனால் வழுக்கும் கால் அதில் தட்டி நின்றுவிடும். வரிகளுக்கு இடையே கல் தேய்ந்து கண்ணாடியாகப் பளபளக்கிறது. வெறுங்காலில் நடந்தால் வழவழப்பு, விளிம்பு, மறுபடி வழவழப்பு என்று பாதம் தாளம் போடும்.

1566இல் கட்டப்பட்டு, 1993 போரில் ஆற்றில் விழுந்து, 2004இல் மீண்டும் எழுந்த பாலம் இது. வெளிர்நிறத் தெனெலியா சுண்ணாம்புக்கல்லை உளியால் கொத்தி, இரும்புப் பட்டைகளால் கவ்வி, உருக்கிய ஈயத்தை ஊற்றி இறுக்கும் பழைய முறையையே மறுபடி கைக்கொண்டார்கள். வளைவின் அடிப்பக்கத்தை அருகே போய்ப் பாருங்கள்: இணைப்புகள் அத்தனை நெருக்கம். அவசரக்காரர்களுக்கு வராத வேலை. மழை பெய்தால் மட்டும் தோல் செருப்பு வேண்டாம். வரிகள் எவ்வளவுதான் தாங்கும்?