கரிசலில் நடக்க

கோவில்பட்டியிலிருந்து குருமலைப் பக்கம் காலாற நடக்க மார்கழி, தைதான் தோது. ஐப்பசி மழையில் இறங்கினால் கரிசல் செருப்பில் அப்பிக் கனத்து, கடைசியில் செருப்பைக் கையில் தூக்க வைத்துவிடும். கோடையில் வெடிப்பு. அந்த வெடிப்பைக் குனிந்து பாருங்கள்: மேல்மண் பொடிப்பொடியாக உள்ளே உதிர்ந்துகொண்டிருக்கும். மழை பெய்ததும் மண் உப்பி வெடிப்பை மூடும். கீழ்மண் மேலே தள்ளப்படும். ஏரில்லாமலே நிலம் தன்னை உழுதுகொள்கிறது!

ஓடைக்கரையில் விடத்தலை பூத்தால் ஒரே கொத்தில் பாதி ரோஸ், பாதி மஞ்சள். எனக்கு ஊட்டிப் பூக்களைவிட இதுவே உசத்தி. மலையில் புள்ளிமான் உண்டு. உளுந்துக்காட்டுக்காரரிடம் அதன் அழகைப் பேசாதீர்கள்.

காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும். வெளியே வண்டிப்பாதையே போதும். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், நிழல் குறைவு.