வாரம் ஒரு பவுண்டு: காந்தியின் லண்டன் கைடு

எங்க தெருப் பையன், இங்கே விருத்தாசலத்துல செராமிக் படிச்சவன், கடன் வாங்கி மேற்படிப்புக்கு லண்டன் போறான். "அண்ணே, படிக்க ஏதாவது அனுப்புங்க"ன்னான். யூடியூப் வீடியோக்களை விட்டுவிட்டு, காந்தியின் 'கைடு டு லண்டன்' அனுப்பினேன்.

1893-94 வாக்கில் தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது எழுதியது. லண்டன் போகிற இந்தியர்கள் என்ன உடுத்துவது, எங்கே தங்குவது, என்ன சாப்பிடுவது என்று செலவுக் கணக்கோடு சொல்கிறது. வாரம் 1 பவுண்டில் வாழலாம் என்பதுதான் வாதம்.

நம்பலாமா? சுயசரிதையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். சிக்கன நாட்களில் சாப்பாட்டுக்கு நாளுக்கு 1 ஷில்லிங் 3 பென்ஸ். வாரத்துக்கு 8 ஷில்லிங் 9 பென்ஸ். பவுண்டுக்கு 20 ஷில்லிங். அறை வாடகைக்கும் மற்றதுக்கும் 11 ஷில்லிங் 3 பென்ஸ் மிஞ்சும். வண்டிச் செலவு கிடையாது, நடைதான். கணக்கு இடிக்கவில்லை.

அதே சுயசரிதையில் 19 ஷில்லிங் தொப்பியும், 10 பவுண்டு சூட்டும் வருகின்றன. தொப்பி ஏறக்குறைய ஒரு வாரப் பிழைப்பு, சூட்டு பத்து வாரம். சூடு பட்டவர் எழுதிய கணக்கு இது. மூணு நாள் சுற்றிவிட்டு டிப்ஸ் தருகிறவர்களிடம் இந்தத் தழும்பு இருக்காது.

குறையும் உண்டு. அவர் அதை வெளியிடவே இல்லை. பின்னாளில்தான் தொகுப்பு நூல்களின் முதல் தொகுதியில் அச்சேறியது. யாருக்காக எழுதினாரோ, அந்த மாணவர்கள் அதைப் பார்க்கவில்லை.

பையனிடம் சொன்னேன்: "விலையெல்லாம் விட்டுடு, முறையை எடுத்துக்க. முதல் மாசச் செலவைப் பைசா விடாம எழுது. எழுதினதை அடுத்து வர்றவனுக்குக் குடுத்துடு."