மதிப்பெண்ணும் அத்தையின் கேள்வியும்

1977இல் வந்த ‘16 வயதினிலே’ படத்துக்கு ஆனந்த விகடன் நூற்றுக்கு 62.5 மதிப்பெண் போட்டது. பரீட்சைத்தாள் திருத்தும் இந்த வாத்தியார்த்தனம் பார்வையாளருக்கு எதற்கு உதவும்? டிக்கெட் காசு வீணாகுமா என்று சொல்லும். அது லேசான காரியமில்லை. கூலிக்காரருக்குக் காசு காசுதான். ஆனால் அதோடு சரி.

படம் பார்த்துவிட்டு வந்த என் அத்தை கேட்டாள்: “சப்பாணி ஜெயிலுக்குப் போயிட்டான், சரி. மயிலு ஏன் ஸ்டேஷன்லயே காத்துக் கெடக்கணும்?” காத்திருக்கும் பெண்ணைப் புனிதமாக்கும் கதையாடலை ஒரே வரியில் உடைத்த விமர்சனம் அது. எந்த மதிப்பெண்ணிலும் அடங்காதது.

விமர்சகர்கள் (நானும்தான்) அவளுக்குப் படத்தை விளக்க வேண்டியதில்லை. அவள் கேள்வியிலிருந்து மேலே பேசினால் அவளுக்கும் பிரயோசனம், நமக்கும் பிரயோசனம். இல்லாட்டி நாம எழுதுறத நாமளே படிச்சிக்கிட்டுக் கெடக்க வேண்டியதுதான்.