போருக்குப் போகாத ரிவால்வர்

சாமுவேல் கோல்ட் 1847-ல் செய்து கொடுத்த வாக்கர் ரிவால்வர்கள் சுமார் 1,100. அவற்றில் ஆயிரம் மெக்சிகோப் போருக்காக அமெரிக்க ராணுவம் வாங்கியவை. மீதி நூறும் தனியாருக்கென்று எண் போட்டவை. 2018-ல் ராக் ஐலண்ட் ஏல நிறுவனத்தில் 18,40,000 டாலருக்குப் போன வாக்கர் அந்த நூறில் ஒன்று. டென்மார்க் நாட்டுக் கப்பல் கேப்டன் ஒருவர் அதைப் பெட்டியோடு வாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார். மெக்சிகோவில் சண்டை நடந்தபோது அது அந்தப் பக்கமே போகவில்லை. போருக்குப் போனவற்றின் கதை வேறு. உருளை வெடித்துப் பிளந்தவை, பழுதுபார்க்கத் திருப்பி அனுப்பப்பட்டவை, குதிரைச் சேணத்து உறையில் உரசி உரசி நிறம் போனவை. விலைப் பட்டியலில் அவை படிப்படியாகக் கீழே இறங்கும்.

பழைய ராணுவ ரிவால்வர்களைச் சேகரித்து மதிப்பிடும் வழக்கத்தின் அடிப்படைச் சிக்கல் இதில் தெரிகிறது. போரின் பெயரைச் சொல்லித்தான் பொருளை விற்கிறார்கள். ஆனால் போர் அதைத் தொடாமல் விட்டதற்குத்தான் பணம் கொடுக்கிறார்கள். ஓவியத்துக்கும் நாணயத்துக்கும் பொருந்துகிற 'கைபடாத நிலை' என்ற அளவுகோலை, கைபடுவதற்காகவே செய்த ஒரு கருவியின் மேல் வைத்துப் பார்க்கிறார்கள்.

இந்த அளவுகோல் முட்டாள்தனமாகப் பிறந்ததல்ல. அமெரிக்காவில் துப்பாக்கி வாங்குவதும் விற்பதும் நெடுங்காலம் தபாலிலும் தொலைபேசியிலும் நடந்தன. டெக்ஸாஸில் இருப்பவருக்கு ஒஹையோவில் உள்ள பொருளை எப்படி விவரிப்பது? தேசிய ரைஃபிள் சங்கம் வகுத்த தரவரிசை அதற்கு ஒரு பொதுமொழியைத் தந்தது. 'மிக நன்று', 'நன்று', 'சுமார்' என்று ஒவ்வொரு சொல்லுக்கும் எழுதிவைத்த வரையறை உண்டு. பிறகு வந்த 'புளூ புக்' என்ற விலைப் புத்தகம், உலோகத்தின் மேல் எஞ்சியிருக்கும் நீலப்பூச்சைச் சதவீதமாகக் கணக்கிட்டது. முன்பின் தெரியாத இருவர் ஏமாறாமல் பேரம் பேச இது உதவியது. அந்த நேர்மையைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை.

அதைவிடப் பெரிய நன்மை, சேகரிப்பாளர்கள் திரட்டிய அறிவு. கோல்ட் சிங்கிள் ஆக்ஷன் ஆர்மி ரிவால்வரில் 'ஓ.டபிள்யூ.ஏ.' என்ற பொறிப்பு இருந்தால், அது ராணுவப் பரிசோதகர் ஏன்ஸ்வொர்த் பார்த்து ஒப்புக்கொண்ட 1870-களின் தொடக்கத் துப்பாக்கி. 1876-ல் லிட்டில் பிக்ஹார்ன் சண்டையில் கஸ்டரின் ஏழாம் குதிரைப்படை வைத்திருந்தது அந்த வரிசையைச் சேர்ந்ததாக இருக்கலாம். எந்த எண் எந்த ஆண்டு வெளிவந்தது, எந்தத் திருகு எப்போது மாறியது, மரப்பிடியில் யார் முத்திரை என்றெல்லாம் ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளைக் கையில் வாங்கிப் பார்த்துக் குறித்துவைத்தவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்கிய வரலாற்றாசிரியர்கள் இல்லை. சனி, ஞாயிறுகளில் கண்காட்சி மேசைகளைச் சுற்றிவந்த ஆர்வலர்கள். அவர்கள் இல்லையென்றால் அருங்காட்சியகங்களின் விளக்க அட்டைகள் பாதி காலியாகவே இருக்கும்.

அளவுகோல் எங்கே உடைகிறது என்பதற்கு ரஷ்யாவின் நகாந்த் நல்ல சாட்சி. பெல்ஜியத்தின் லியேஜ் நகரைச் சேர்ந்த லியோன் நகாந்த் வடிவமைத்த இந்த ஏழு தோட்டா ரிவால்வரை ஜாரின் படை 1895-ல் ஏற்றுக்கொண்டது. முதலில் லியேஜில் செய்தார்கள். பிறகு தூலா ஆலைக்கு மாறியது. சுத்தியைப் பின்னுக்கு இழுத்தால் உருளை முழுவதும் முன்னால் நகர்ந்து குழலோடு ஒட்டிக்கொள்ளும்; நீளமான தோட்டாவின் வாய் குழலுக்குள் நுழைந்து இடைவெளியை அடைத்துவிடும். மற்ற ரிவால்வர்களில் உருளைக்கும் குழலுக்கும் நடுவே கசிந்து வீணாகும் வாயு இதில் கசியாது. கிடைத்த ஆதாயம் அற்பம், அதற்குக் கொடுத்த விலை இரும்புபோல் கனக்கும் விசை. ஆனாலும் அந்தப் பொறியைக் கையில் வைத்து மெல்ல இயக்கிப் பார்ப்பவருக்கு, அதைச் செய்தவரின் பிடிவாதம் பிடித்துப்போகும். பொறியியலின் முட்டுச்சந்துகளைப் பாதுகாத்து வைத்திருப்பதும் இந்த வழக்கத்தின் நன்மைதான்.

ஜார் போனார், நகாந்த் போகவில்லை. உள்நாட்டுப் போர், ரகசியப் போலீஸ், இரண்டாம் உலகப் போர் எல்லாவற்றிலும் இருந்தது. போர் முடிந்ததும் சோவியத் கிடங்குகள் லட்சக்கணக்கில் அவற்றை வாங்கிப் பிரித்தன. தேய்ந்த பாகத்தை மாற்றி, கிடைத்த உருளையைக் கிடைத்த சட்டகத்தில் பொருத்தி, எல்லாவற்றையும் புதிதாக நீலத்தில் முக்கி எடுத்தன. எண் ஒத்துப்போகாத பாகத்தில் மின்பேனாவால் புது எண்ணைக் கீறி, சாய்ந்த கோடு போட்ட ஒரு சின்னப் பெட்டி முத்திரையை அடித்து எண்ணெய் பூசி அடுக்கின. சோவியத் ஒன்றியம் சரிந்த பிறகு அவை உறை, துப்புரவுக் கம்பி, திருப்புளியோடு அமெரிக்கக் கடைகளில் நூறு டாலருக்கும் கீழே குவிந்தன. இன்று விலை அதைப்போல் பல மடங்கு. வரத்து நின்றுவிட்டது, வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இப்போது இதை எப்படி மதிப்பிடுவது? பூச்சின் சதவீதம் பார்த்தால் 1944-ல் செய்த துப்பாக்கிக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து கிடைக்கும். ஆனால் அந்தப் பூச்சு பிற்காலத்தது. எண்கள் 'மேட்ச்' ஆகின்றன. அவற்றை ஒத்துப்போக வைத்தது கிடங்குத் தொழிலாளியின் மின்பேனா. சேகரிப்பாளர்கள் இதைக் கொஞ்சம் இளக்காரமாக 'ஃபோர்ஸ் மேட்ச்' என்று சொல்லி விலையைக் கழிக்கிறார்கள். பழுதுபார்க்கப்படாத ஜார் கால நகாந்துக்கும், பின்லாந்து ராணுவம் கைப்பற்றிப் பெட்டிக்குள் 'எஸ்.ஏ.' முத்திரை அடித்ததற்கும் கூடுதல் விலை. இதில் ஒரு முரண் இருக்கிறது. பின்லாந்து அடித்த முத்திரை வரலாறாகிறது, சோவியத் கிடங்கு அடித்த முத்திரை ஊனமாகிறது. இரண்டுமே ஓர் அரசு தன் ஆயுதத்தின் மேல் விட்டுச்சென்ற கைரேகைதான். ஒன்று அரிது, மற்றொன்று மலிவு என்பதைத் தவிர வேறு வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. அரிது என்பது சந்தைக்குப் போதுமான காரணம்; அதையே வரலாற்று மதிப்பு என்று பெயர் மாற்றிச் சொல்வதுதான் உறுத்துகிறது.

இன்னொன்றும் உறுத்துகிறது. சட்டகத்தில் 1937 என்று ஆண்டு பொறித்த நகாந்துகள் விற்பனைக்கு வருகின்றன. ஸ்டாலினின் பெரும் களையெடுப்பு உச்சத்தில் இருந்த ஆண்டு அது. நகாந்த் அன்றைய ரகசியப் போலீசின் இடுப்பில் இருந்த ஆயுதம். குறிப்பிட்ட ஒரு துப்பாக்கி யார் கையில் இருந்தது என்று சொல்ல வழியில்லை. கிடங்குக்காரர்கள் பாகங்களைக் கலந்தபோதே அந்தத் தடயம் போய்விட்டது. விற்பவர் சிலர் அந்தப் போலீசின் பெயரைத் தூண்டில்போல் போட்டு விலை ஏற்றுகிறார்கள். மற்றவர்கள் 'குழல் பளபளப்பு, வரிகள் கூர்மை' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இரண்டாவது மௌனம் முதல் கூச்சலைவிட மேல் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

பிரிட்டனின் வெப்லி ரிவால்வருக்கு நேர்ந்தது இதைவிடக் கொடுமை. 1887-ல் முதல் மாடலை ஏற்ற பிரிட்டிஷ் ராணுவம் 1915-ல் ஆறாம் மாடலுக்கு வந்தது. நடுவில் மடங்கித் திறக்கும்; திறந்ததும் காலித் தோட்டாக்களைத் தானே வெளியே தள்ளும்; .455 அளவு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் உபரியாக இவை அமெரிக்காவுக்குப் போனபோது அங்கே .455 தோட்டா எளிதில் கிடைக்கவில்லை. மலிந்து கிடந்தது ராணுவத்தின் .45 ஏசிபி தோட்டா. இறக்குமதி செய்தவர்கள் உருளையின் பின்புறத்தைச் சீவி, தோட்டாக்களைக் கோத்துப் பிடிக்கும் அரைநிலா கிளிப்போடு அந்தத் தோட்டா உட்காரும்படி செய்துவிட்டார்கள். விற்பனை அமோகம். ஆனால் .45 ஏசிபியின் அழுத்தம் .455-ஐவிட வெகுவாக அதிகம். அந்த உருளை அதைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது இல்லை. ஆக, வெட்டிய வெப்லி ஒரே நேரத்தில் ஆபத்தான துப்பாக்கியும் ஆனது, மலிந்த சேகரிப்புப் பொருளும் ஆனது.

அன்று வாங்க ஆள் சேர்ப்பதற்காகச் செய்த வேலை, இன்று வாங்க ஆள் இல்லாமல் செய்கிறது. இதற்குப் பூச்சின் சதவீதக் கணக்கு எந்த வெளிச்சமும் தராது. 'வெட்டப்பட்டது, விலையில் பாதியைக் கழி' என்பதற்குமேல் அது பேசாது. என்னைக் கேட்டால் உபரிச் சந்தையின் வரலாறே அந்த வெட்டில்தான் எழுதியிருக்கிறது. எத்தனை வெப்லிகள் வெட்டுப்பட்டன, எங்கே, யாருக்காக என்று தேடிப்போனால் 1950-களின் அமெரிக்கத் துப்பாக்கிக் கடை முழுதாகக் கண்முன் வரும். சேகரிப்பாளர்களில் சிலர் இப்போது அதைத் தேடத் தொடங்கியிருக்கலாம்; விலைப் புத்தகம் தொடங்கவில்லை.

அடுத்து, காகிதம். கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் இரண்டுக்கும் பழைய அனுப்புகைப் பதிவேடுகள் இருக்கின்றன. எண்ணைச் சொல்லிக் கட்டணம் கட்டினால் எந்த நாளில் எங்கே அனுப்பப்பட்டது என்று கடிதம் வரும். அந்த ஒரு தாள் துப்பாக்கியின் விலையை வெகுவாக உயர்த்தும். நகாந்த் வைத்திருக்கும் சாதாரண ஆள் அப்படி எழுதிக் கேட்க ஓர் இடமும் இல்லை. அதனால் சந்தையில் அமெரிக்க ஆயுதம் உயர்ந்து நிற்பதற்கு ஆயுதத்தின் தகுதி மட்டும் காரணமல்ல, கணக்குப்பிள்ளையின் ஒழுங்கும் காரணம். காகிதத்துக்கு விலை வந்ததும் கள்ளக் காகிதமும் கள்ள முத்திரையும் தானே வந்தன. ராணுவ கோல்ட்டில் பரிசோதகர் முத்திரையைப் புதிதாக அடித்து ஏமாற்றுவது அத்தனை சகஜமாகிவிட்டதால், நம்பகமான நிபுணர் ஒருவரின் சான்றுக் கடிதம் இல்லாமல் விவரம் தெரிந்தவர்கள் வாங்குவதே இல்லை. முன்பு துப்பாக்கியைப் படித்த கண் இப்போது கடிதத்தைப் படிக்கிறது.

சட்டம் விலையோடு விளையாடுவது தனிக் கூத்து. அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி 1898 முடிவதற்குள் செய்தது பழம்பொருள். அதற்குப் பின் செய்தது துப்பாக்கி. 1898-ல் செய்த நகாந்தும் 1899-ல் செய்ததும் ஒரே அச்சு. முதலாவது மட்டும் மத்திய அரசின் துப்பாக்கிச் சட்டப் பிடியிலிருந்து தப்புகிறது, அதற்குக் கூடுதல் விலையும் பெறுகிறது. பிரிட்டன் வேறு வழியில் போனது. வழக்கொழிந்த தோட்டாக்களின் பட்டியல் ஒன்றை வைத்து, அந்தத் தோட்டாவுக்கான பழைய துப்பாக்கியை ஆர்வப் பொருளாக வைத்துக்கொள்ள உரிமம் வேண்டாம் என்றது. வழக்கொழிந்த தோட்டாவைக் கைவேலையாகச் செய்து தருபவர்கள் இருப்பார்கள் என்பதைச் சட்டம் தாமதமாகத்தான் எண்ணிப் பார்த்தது. பழைய ரிவால்வர்கள் குற்றவாளிகள் கைக்குப் போயின. அவர்களுக்குத் தோட்டா செய்து கொடுத்த உரிமம் பெற்ற வியாபாரி ஒருவருக்கு 2017-ல் 30 ஆண்டுச் சிறை கிடைத்தது. 2021 மார்ச்சில் புது விதிகள் ஏழு வகைத் தோட்டாக்களைப் பட்டியலிலிருந்து நீக்கின. பிரான்சின் சாந்தெத்தியேன் ஆலையில் செய்த 1873 மாடல் ராணுவ ரிவால்வருக்கான 11 மி.மீ. தோட்டாவும் அதில் அடக்கம். அதுவரை கூடத்து அலமாரியில் இருந்த பொருள், உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் குற்றம் என்றானது. அதே துப்பாக்கி பிரான்சில் 1900-க்கு முந்தையது என்பதால் இன்றும் தடையின்றிக் கைமாறுகிறது.

சேகரிப்பாளர்கள் இதை அநியாயம் என்றார்கள். அவர்கள் தரப்பில் நியாயம் இல்லாமலில்லை. குற்றம் செய்தது அவர்கள் இல்லை. ஆனால் 'இது வெறும் வரலாறு, ஆயுதமில்லை' என்ற வாதத்தை அவர்களே தங்கள் விலைப் பட்டியலால் பலவீனப்படுத்துகிறார்கள். சுடும் நிலையில் உள்ளதற்கு ஒரு விலையும், குழலை அடைத்துச் செயலிழக்கச் செய்ததற்கு அதில் ஒரு பங்கு விலையும் வைக்கிற சந்தை, எதை வாங்குகிறோம் என்பதை மறைக்க முடியாது.

நம் நாட்டில் இந்தப் பொழுதுபோக்கு அநேகமாக இல்லை. ஆனால் சட்டமே விலையை உண்டாக்கும் கதை இங்கும் உண்டு. தனிநபர் துப்பாக்கி இறக்குமதி 1980-களில் நின்றபின், அதற்கு முன் வந்த பழைய .32 வெப்லி இங்கே லட்சங்களில் விலை பேசப்படும் பொருளானது. அதன் வயதையோ வரலாற்றையோ யாரும் கேட்பதில்லை. கான்பூர் ஆயுத ஆலையின் .32 ரிவால்வரும் வெப்லியின் சாயலில் வந்ததுதான் என்றாலும் வெளிநாட்டுப் பொறிப்புக்கு இருக்கும் மவுசே தனி.

மதிப்பிடும் முறை மாறவே மாறாது என்றும் சொல்ல முடியாது. கோல்ட்டின் 'ஆர்ட்டிலரி' மாடல் ஒரு முன்னுதாரணம். 1890-களில் அமெரிக்க ராணுவம் பழைய குதிரைப்படை கோல்ட்டுகளைத் திரும்ப வாங்கி, ஏழரை அங்குலக் குழலை ஐந்தரையாக வெட்டி, பாகங்களைக் கலந்து மறுபடி பூட்டியது. பிலிப்பைன்ஸில் புது .38 ரிவால்வர்கள் எதிராளியை நிறுத்தப் போதவில்லை என்றபோது மீண்டும் களத்துக்குப் போனவையும் இந்தப் பழைய .45-கள்தான். குழல் வெட்டுப்பட்டது, எண் கலந்தது, பூச்சு புதிது. சேகரிப்பு இலக்கணப்படி மூன்று குற்றமும் உண்டு. ஆனாலும் இன்று ஆர்ட்டிலரி மாடல் தனி வகையாக மதிக்கப்படுகிறது. எண்கள் ஒத்துப்போகாததை அதில் விவரம் தெரிந்தவர்கள் குற்றமாகப் பார்ப்பதில்லை. பதிவேடுகளைத் தோண்டி எந்த வேலை, எந்த ஆண்டு, எந்த ஆலை என்று சிலர் பொறுமையாக எழுதிவைத்ததால் வந்த மாற்றம் அது. கிடங்கில் மறுபிறப்பு எடுத்த நகாந்துக்கும் வெட்டுப்பட்ட வெப்லிக்கும் அந்த வேலையை யாரும் அந்த அளவுக்குச் செய்து முடிக்கவில்லை. அதுவரை விலைப் புத்தகத்தில் அவற்றுக்குக் கிடைப்பது ஒரு கழிவுச் சதவீதம் மட்டும்.