ராட்டினத்தில் ஒரு கணக்கு

வில்லனை நமக்குப் பிடிக்க வைப்பது பெரிய வித்தை இல்லை. பிடித்துப்போனதற்காக நம்மையே கூச வைப்பதுதான் வித்தை. கரோல் ரீட் இயக்கிய ‘தி தேர்ட் மேன்’ (1949) அதைச் செய்கிறது. ‘ஒரே ஒரு பழைய பிரிட்டிஷ் படம் சொல்லுங்க சார்’ என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். திரைக்கதை, நாவலாசிரியர் கிரஹாம் கிரீன்.

உலகப் போர் முடிந்து, நான்கு நாடுகள் பங்கு போட்டுக்கொண்ட வியன்னா நகரம். நண்பன் ஹாரி லைம் வேலை தருவான் என்று நம்பி, அமெரிக்க எழுத்தாளன் ஹோலி வந்து இறங்குகிறான். ஹாரி செத்துட்டான் என்கிறார்கள். சாகவில்லை! பாதிப் படம் ஓடிய பிறகு, இருட்டு வாசலில் பளிச்சென்று வெளிச்சம் விழ, ஆர்சன் வெல்ஸ் குறும்பாகச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பில் நாம் காலி.

ஆசாமியின் தொழில்? ராணுவ ஆஸ்பத்திரிகளில் திருடிய பென்சிலினில் கலப்படம் செய்து விற்பது.

ராட்சத ராட்டினத்தின் உச்சியிலிருந்து ஹாரி கீழே காட்டுகிறான். மனிதர்கள் வெறும் புள்ளிகள். ஒரு புள்ளி நின்றுபோனால் 20,000 பவுண்டு, அதுவும் வருமான வரி இல்லாமல் என்றால் வேண்டாம் என்பாயா என்று கேட்கிறான். பி.காம். படித்த எனக்கு அங்கே வயிற்றைக் கலக்கும். பேரேட்டிலும் இப்படித்தான்: தொகை தெரியும், மனுஷன் தெரியமாட்டான்.

அடுத்து குழந்தைகள் வார்டு. ரீட் ஒரு குழந்தையின் முகத்தைக்கூடக் காட்டுவதில்லை. ஹோலியின் முகம், நர்ஸ் எடுத்துப் போடும் ஒரு கரடி பொம்மை, அவ்வளவுதான். காட்டியிருந்தால் அழுதுவிட்டு நகர்ந்திருப்போம். காட்டாததால், அந்தச் சிரிப்பை ரசித்த நாமும் குற்றவாளி மாதிரி நிற்கிறோம்.

குறை இல்லாமல் இல்லை. கேமராவைச் சாய்த்துச் சாய்த்தே எடுத்திருக்கிறார்கள், சில இடங்களில் கழுத்து வலிக்கிறது. இயக்குநர் வில்லியம் வைலர், ரீடுக்கு ஒரு ரசமட்டத்தையே அனுப்பிவைத்தாராம்!

ஆனால், அந்த முடிவு... (படம் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.) போலீசுக்கு உதவி, ஹாரியைச் சுட்டும் விட்ட ஹோலி, கல்லறைச் சாலையில் ஹாரியின் காதலி அன்னாவுக்காகக் காத்திருக்கிறான். இருவரையும் சேர்த்து வைக்கத்தான் கிரீன் விரும்பினார். ரீட் மறுத்துவிட்டார். தூரத்திலிருந்து நடந்து வரும் அன்னா, ஏறெடுத்தும் பார்க்காமல் ஹோலியைக் கடந்து போகிறாள். ரீட் சொன்னதே சரி என்று கிரீனே பிற்பாடு எழுதினார்.

நியாயத்தின் பக்கம் நின்றால் லாபம் வரும் என்று இந்தப் படம் பொய்க் கணக்கு எழுதவில்லை. நஷ்டம்தான். ஆனாலும் ஹோலி செய்தது சரி. இந்த இரண்டையும் ஒரே ஷாட்டில் சொன்னதால்தான் இது கிளாஸிக்.