ஏழு வயதுச் சலங்கை

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு ஒன்று நம்மை நெடுநேரம் நிறுத்தி வைக்கிறது. முதலாம் இராசராசன் பல ஊர்க் கோயில்களிலிருந்து ஏறத்தாழ 400 ஆடல் மகளிரை அழைத்து வந்து குடியமர்த்தினான். அவர்கள் ஒவ்வொருவரின் பெயரும், வீடு அமைந்த தெருவும் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. ஒரு பங்குக்கு ஆண்டுதோறும் 100 கலம் நெல். காவிரி விளைத்த நெல்லில் கலைக்கென ஒரு பங்கு அளந்து வைத்த மண் இது.

கல்லில் பெயர் பெற்ற அம்மரபு பிற்காலத்தில் பழிச்சொல்லாயிற்று. சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை 1947ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. அது நீதியான செயலே. ஆனால், வழக்கத்தின் மேல் எழுந்த வெறுப்பு, அக்கலையைக் காத்து வந்த பெண்கள் மேலும் படிந்தது. நல்லவர்கள் எனப்பட்டோர் அவர்களை நேர்நோக்கிப் பார்க்கவும் கூசினர்.

அந்த மரபின் ஒரு முகத்தைக் கூசாமல் பார்த்த படமே சத்யஜித் ரேயின் ‘பாலா’. தேசிய நிகழ்கலை மையமும் தமிழக அரசும் சேர்ந்து 1976இல் உருவாக்கிய இவ்வாவணப்படம் அரைமணி நேர அளவினதே. இதன் நாயகி த. பாலசரஸ்வதி. தஞ்சை அரசவையில் பணியாற்றிய பாப்பம்மாளின் வழித்தோன்றல். வீணை தனம்மாளின் பேத்தி. அவருக்கு ஆடல் பயிற்றிய கந்தப்பப் பிள்ளையும் தஞ்சை நால்வரின் வழிவந்தவர். ரே தம் பதினான்காம் வயதில், 1935இல், கல்கத்தாவில் பாலாவின் ஆடலைக் கண்டார். 1966இல் படமெடுக்க விரும்பினார்; அது கைகூடப் பத்தாண்டுகள் சென்றன. அப்போது பாலாவுக்கு வயது 58.

படத்தில் அதிகம் பேசப்படுவது கடற்கரைக் காட்சி. வியாசராயரின் ‘கிருஷ்ணா நீ பேகனே’ என்னும் கன்னடப் பாடலுக்குப் பாலா அபிநயிக்கிறார். குழந்தையை வாவென்றழைக்கும் தாயின் கனிவு அது. மரியன்னையின் மடியில் பாலகனைக் கண்டு வளர்ந்த நமக்கு அக்கனிவு அயலானதன்று. எனினும், ஒரு குறையைச் சொல்லியே ஆகவேண்டும். கண்ணாலும் விரலாலும் நுண்மையாகப் பேசும் கலைக்கு அமைதி வேண்டும். இங்கோ அலையும் வானும் நம் பார்வையைப் பங்கிட்டுக் கொள்கின்றன; காற்று புடவையோடு விளையாடுகிறது.

படத்தின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. பாலாவின் அன்றாட வாழ்வை ரே காட்டுகிறார். மகள் இலட்சுமிக்கு அவர் கலையைக் கையளிப்பதைக் காட்டுகிறார். இறுதியில் இராகமாலிகை வருணம். பாலாவின் காலில் உள்ளவை, ஏழு வயதில் அரங்கேறியபோது அணிந்த அதே சலங்கைகள் என்கிறது ரேயின் குரல். அந்த ஒரு செய்தி போதும். ஒரு வாழ்நாளின் உழைப்பும் அவமானமும் உறுதியும் அந்தச் சலங்கையொலியில் சேர்ந்து கேட்கின்றன.

இளமையில் எடுத்திருந்தால் இன்னும் சிறந்திருக்கும் என்று குறைப்பட்டோர் உண்டு. உண்மைதான். ஆனால், தளர்ந்த உடலில் தளராத ஒன்றை இப்படம் காட்டுகிறதே! பாலா 1984இல் மறைந்தார். இப்படம் இல்லையேல் பின்வந்த நாம் எதைக் கண்டிருப்போம்?

பரிசேயர் சீமோனின் வீட்டு விருந்து நமக்கு நினைவுக்கு வருகிறது. தம் காலடியில் அழுத பெண்ணைச் சுட்டி, இவளைப் பார்க்கிறாயா என்ற பொருளில் இயேசு அவரிடம் கேட்டார். பாலாவை அப்பெண்ணோடு நாம் ஒப்பிடவில்லை. சீமோனோடு நம்மையே ஒப்பிடுகிறோம். பெயர் சூட்டி ஒதுக்குவது எளிது. முகம் நோக்கிப் பார்ப்பது அரிது. படம் வந்த மறு ஆண்டே, 1977இல், திருச்சியில் கலைக்காவிரி தோன்றியது. நற்செய்தியைப் பரதத்தில் ஆடும் பிள்ளைகளைக் கண்டு இன்று நாம் மகிழ்கிறோம். அந்த முத்திரைகளை நமக்காகக் காத்து வைத்த பெண்கள் யார் என்று அப்பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா?

நெல் அளந்த கை மறந்தாலும் கல் மறக்கவில்லை. இப்படமும் மறக்கவில்லை. இனி நினைக்க வேண்டியவர்கள் நாம்.